கொம்பும் டிரம்பெட்டும்: பாலக்காட்டு எல்லையில் ஐந்து நாட்கள்

முதல் நாள், மார்ச் 30: கொழிஞ்சாம்பாறை

உக்கடம் பேருந்து நிலையத்தில் காலையில் ஏறி, வேலந்தாவளம் சோதனைச் சாவடியைக் கடந்து கொழிஞ்சாம்பாறையில் இறங்கினேன். எல்லையைக் கடந்தது கண்ணுக்குத் தெரிந்ததே தவிரக் காதுக்குத் தெரியவில்லை. கடைப் பலகைகளில் மலையாள எழுத்து முன்னுக்கு வந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் நடந்த பேச்சோ உக்கடத்தில் நான் விட்டுவந்த அதே பேச்சாக இருந்தது. பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தோடு இருந்த பகுதி. சித்தூர் வட்டம் அதற்குள் அடங்காமல் கொச்சி அரசருக்கு உரிய தனி நிலமாக இருந்தது. ஆட்சி எத்தனை முறை கைமாறினாலும் தென்னந்தோப்புக்குள் பேசுகிற மொழி இங்கே மாறவில்லை.

நான் தேடி வந்தது ஓர் இசைக்குழுவின் கதை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, இந்தச் சுற்றுவட்டாரத் தேவாலயத் திருவிழாக்களில் பேண்டு வாசித்துக்கொண்டிருந்த ஏழெட்டு இளைஞர்கள், ஊர்வலத்தில் நடந்துகொண்டே ஊதுவதோடு நிற்காமல், டிரம் செட், மின்கிதார், பாஸ் கிதார் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு மேடையேறினார்கள். இரண்டு டிரம்பெட்டும் ஒரு டிராம்போனும் ஒரு டெனர் சாக்ஸபோனும் அந்த மேடையின் முன்வரிசையில் நின்றன. ராக் தாளத்தின் மேல் ஊதுகருவிகளை முன்னிறுத்தி வாசிக்கும் அந்த முறைக்கு மேல்நாட்டில் ஹார்ன் ராக் என்று பெயர் என்பதை அவர்கள் பின்னால்தான் தெரிந்துகொண்டார்கள். வேலந்தாவளத்திலிருந்து கொல்லங்கோடு வரைக்கும் அவர்கள் வாசிக்காத திருவிழா இல்லை என்று சொல்லும் அளவுக்குப் பெயர் பெற்றிருந்தார்கள். குழுவின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அதை நடத்திய மாஸ்டர் கேட்டுக்கொண்டதால், இந்தக் குறிப்புகளில் அவர் மாஸ்டராகவே வருவார்.

என் அம்மாவின் ஊர் இங்கிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. ஒன்பது வயதில், தாத்தாவின் தோளில் உட்கார்ந்து அந்தக் குழுவைக் கேட்டேன். பாடகர் இல்லாமலே பாட்டு நடந்தது. டிராம்போன்காரர் குழாயை முன்னே நீட்டியபோது அது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்கு மேல் வந்து நின்றது. நான்கு ஊதுகருவிகளும் ஒன்றாக மூச்செடுக்கும் ஓசை எனக்குக் கேட்டது. பாட்டை விட அந்த மூச்சுதான் இன்றுவரை நினைவில் இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் நான் டிரம்பெட் கற்றதற்கும், இப்போது ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்திருப்பதற்கும் அதுவே காரணம்.

மாஸ்டரின் வீட்டை மாலையில் அடைந்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஆதலால் திருவிழா வாசிப்பு ஏதும் இல்லை. பேண்டு செட்டுகள் தங்கள் கருவிகளைப் பிரித்துத் துடைத்துப் பழுது பார்க்கும் பருவம் இது. திண்ணையில் விரித்த பழைய வேட்டியின் மேல் வால்வுகளும் மவுத்பீஸ்களும் வரிசையாகக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் யூபோனியம் என்ற பெரிய ஊதுகருவியைப் புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கியிருந்தான். "குத்துவிளக்குனு நெனச்சியா கண்ணு? மேல இருக்கற பூச்சு போயிரும்" என்று சொல்லி அவன் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிய மாஸ்டர், என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, உங்க தாத்தாவ எனக்குத் தெரியுமுங்க" என்றார். அவருக்கு வயது எழுபத்து மூன்று. இன்றைக்கு வேறெதுவும் பேசவில்லை. நான் கேள்விகளை எழுதிக் கொண்டுவந்திருந்த தாளை வாங்கிப் படித்துவிட்டு, நாளைக்கு வரச் சொன்னார்.

இரண்டாம் நாள், மார்ச் 31: கொழிஞ்சாம்பாறை

இன்று காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய பேச்சு விளக்கு வைக்கும் நேரம் வரை நீண்டது. ஆகவே இந்தப் பகுதியும் நீளமாகவே இருக்கும்.

மேல்நாட்டு ஊதுகருவிகள் தென்னாட்டுக்கு முதலில் படையோடு வந்தன. சென்னைக் கோட்டையின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டுத்தான் முத்துசாமி தீட்சிதர் நோட்டுசுவர சாகித்தியங்கள் என்னும் ஏறத்தாழ நாற்பது பாட்டுகளைச் செய்தார். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தம் அரண்மனையிலேயே மேல்நாட்டு முறையில் ஒரு பேண்டு வைத்திருந்தார். அரண்மனைக்கும் கோட்டைக்கும் அடுத்தபடியாகத் தேவாலயங்களின் வழியாகத்தான் இந்தக் கருவிகள் சிற்றூர்களுக்குள் நுழைந்தன. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தது 2013 டிசம்பரில்தான். அதனால் மாஸ்டரின் தலைமுறைக்கு ஆசிரியரும் இசைக்குறிப்புப் புத்தகங்களும் கோயம்புத்தூரிலிருந்து வந்தன. கருவிகள் மீரட்டிலிருந்து வந்தன. அந்த நகரத்தின் ஜலி கோட்டித் தெருவில் இருக்கும் பட்டறைகள், நாட்டின் கல்யாண பேண்டுகளுக்கெல்லாம் பித்தளைக் கருவி செய்து அனுப்புகின்றன. அவற்றுள் 1885இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனம் பழம்பெருமை உடையது. மாஸ்டரின் முதல் டிரம்பெட் மீரட்டில் செய்தது. மூன்றாவது வால்வு சற்றே இறுகிப்போன அந்தக் கருவியை அவர் இன்னும் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

டிரம்பெட் என்பது ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள ஒரு குழாயைச் சுருட்டி வைத்ததுதான். வால்வு எதையும் அழுத்தாமல் ஊதினால், உதட்டின் இறுக்கத்துக்கும் மூச்சின் வேகத்துக்கும் ஏற்ப, அந்தக் குழாய் இயற்கையாகக் கொடுக்கும் சில சுரங்கள் மட்டுமே கிடைக்கும். முதல் வால்வு ஒரு முழுச்சுரமும் இரண்டாவது அரைச்சுரமும் மூன்றாவது ஒன்றரைச் சுரமும் ஒலியைக் கீழே இறக்குகின்றன. மூன்றையும் மாற்றி மாற்றிச் சேர்ப்பதால் எல்லாச் சுரங்களும் வசப்படுகின்றன. ஜெர்மனியில் ஸ்டோல்செல், புளூமெல் என்ற இருவர் இந்த வால்வுக்கு 1818இல் காப்புரிமை பெற்றார்கள். அதற்கு முன்பிருந்த டிரம்பெட்டும் நம் ஊர்க் கோயில் கொம்பும் அடிப்படையில் ஒரே இனம். இதை இங்கே விளக்கி எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் நாள் இது மீண்டும் வரும்.

ஊர்வல பேண்டு எப்படி மேடைக் குழுவாயிற்று என்று கேட்டேன். ஒரு கேசட்தான் காரணம் என்றார் மாஸ்டர். டிராம்போன்காரரின் மாமா துபாயிலிருந்து வரும்போது பெட்டிக்குள் சில ஆங்கிலக் கேசட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்று சிகாகோ என்ற குழுவினுடையது. அந்தக் குழு 1967 பிப்ரவரியில் சிகாகோ நகரத்தில் வால்டர் பராசைடர் என்பவரின் வீட்டில் கூடித் தொடங்கியது. சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்த அவரும், டிரம்பெட் வாசித்த லீ லொக்னேனும், டிராம்போன் வாசித்த ஜேம்ஸ் பேங்கோவும் அதே நகரத்து டீபால் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர்கள். முதலில் தி பிக் திங் என்ற பெயரோடு விடுதிகளில் வாசித்தார்கள். 1968இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்து, தங்கள் ஊர்ப் போக்குவரத்து நிறுவனத்தின் பெயரான சிகாகோ டிரான்சிட் அத்தாரிட்டி என்பதையே குழுவுக்கும் சூட்டிக்கொண்டார்கள். 1969இல் முதல் இசைத்தட்டு இரட்டைத் தட்டாக வெளிவந்தபின், உண்மையான போக்குவரத்து நிறுவனம் வழக்கு என்று பேசவே, பெயர் சிகாகோ என்று சுருங்கியது. அதே காலத்தில் நியூயார்க்கில் பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ் என்ற இன்னொரு ஹார்ன் ராக் குழுவும் எழுந்தது. அதன் இரண்டாவது இசைத்தட்டு 1970இல் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதைப் பெற்றது.

இந்த விவரங்கள் எதுவும் அன்று மாஸ்டருக்குத் தெரியாது. அட்டையிலிருந்த பெயரைக் கூட அவர்கள் ஊர்ப் பெயர் என்றே நினைத்தார்கள். காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. ஊதுகருவிகள் பாட்டுக்கு இடையில் அழைக்கப்பட்டு வந்து போகவில்லை, பாட்டுக்குள்ளேயே குடியிருந்தன. பாடகர் ஒரு வரியைச் சொன்னால் டிராம்போன் அதற்கு மறுமொழி சொன்னது. பேங்கோ எழுதிய ஏழு பகுதிகள் கொண்ட ஒரு தொடர் இசை, அக்குழுவின் இரண்டாவது இசைத்தட்டில் ஏறத்தாழ 13 நிமிடம் ஓடுகிறது. அதில் பித்தளைக் கருவிகளுக்கு எழுதியிருப்பதைப் பார்த்தால், பாடகரைப் போலவே அவையும் குழுவில் சம உரிமை உள்ள ஆட்கள் என்ற எண்ணத்தோடு எழுதியது விளங்கும். பேண்டு செட் என்றால் சத்தம் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த இளைஞர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது. "எங்களயும் ஆளா மதிச்சு ஒருத்தன் எழுதியிருக்கான்னு தோணுச்சுங்க" என்றார் மாஸ்டர்.

கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக எழுதினார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. டிரம்பெட்டும் டெனர் சாக்ஸபோனும் தாளில் ஸ என்று எழுதியதை ஊதினால், நம் பாடகர் வழக்கில் ஆறரைக் கட்டைச் சுருதி வெளிவரும். ஒன்றரைக் கட்டையில் பாடும் பாடகிக்கு வாசிக்கும்போது டிரம்பெட்காரரின் தாள் வேறாகவும் கிதார்காரரின் தாள் வேறாகவும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தவறில்லாமல் போடத் தெரிந்தவர் அந்த வட்டாரத்திலேயே மாஸ்டர் ஒருவர்தான். அவர் காட்டிய நீள நோட்டுப் புத்தகங்கள் பதினொன்று இருந்தன. சிவப்பு மை டிராம்போனுக்கு, பச்சை சாக்ஸபோனுக்கு, நீலம் டிரம்பெட்டுக்கு. தமிழ்த் திரைப்பாட்டு, மலையாளத் திரைப்பாட்டு, திருப்பலிப் பாட்டு என்று எல்லாவற்றுக்கும் அவர் பித்தளைக்கென்று தனிப் பகுதி எழுதியிருந்தார். மூலப்பாட்டில் வயலின் வாசித்த இடங்களை அப்படியே ஊதுகருவிக்கு மாற்றாமல், மூச்சு எடுக்க இடம் விட்டு, சொற்றொடரைக் குறுக்கி எழுதியிருந்த விதத்தில்தான் அவருடைய புலமை தெரிந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில், "இங்கே எல்லாரும் மூச்சு" என்று தமிழில் எழுதிக் கோடு போட்டிருந்தார். ஒன்பது வயதில் நான் கேட்டது இதுதான் என்று அவரிடம் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழு நின்றுபோன கதையை அவர் சுருக்கமாகவே சொன்னார். கீபோர்டு வந்தது. அதில் பித்தளை ஒலிக்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. நான்கு ஆட்களுக்குக் கூலியும் சாப்பாடும் வண்டிச் செலவும் கொடுப்பதற்குப் பதிலாக ஒருவரை அழைத்தால் போதும் என்று விழாக் குழுக்கள் கணக்குப் போட்டன. சிகாகோ குழுவுக்கும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே நிலைதான் வந்தது. கிதார் வாசித்த டெர்ரி கேத் 1978 ஜனவரியில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்தபின் தடுமாறிய அக்குழு, 1982இல் டேவிட் பாஸ்டர் தயாரித்த 16ஆவது இசைத்தட்டின் மூலம் மீண்டும் புகழின் உச்சிக்குப் போனது. ஆனால் அந்தப் புகழ் மின்விசைப்பலகையின் மேல் அமைந்த காதல் பாட்டுகளுக்குக் கிடைத்தது. குழுவைத் தொடங்கிய ஊதுகருவிக்காரர்கள் தங்கள் சொந்த இசைத்தட்டிலேயே ஓரமாக நிற்க நேர்ந்தது. விற்பனையை வைத்துப் பார்த்தால் அது வெற்றி. எனக்கு அந்தத் தட்டைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமே மிஞ்சுகிறது.

மூன்றாம் நாள், ஏப்ரல் 1: சித்தூர்

மாஸ்டரின் குழுவில் டிராம்போன் வாசித்தவர் இப்போது சித்தூரில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்கிறார். காலை பத்து மணிக்குள் மண்டியில் வந்து பார்க்கும்படி சொல்லியிருந்தார். சோகநாசினி ஆற்றங்கரையில் மலையாளக் கவிஞர் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கும் ஊர் இது. இவ்வூர்ப் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் நடக்கும் கொங்கன் படை என்னும் விழா, கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்தவர்களை ஊர் மக்கள் வென்றதைக் கொண்டாடுவது. கொங்கு நாட்டுக்காரனான நான் அதைப் பற்றிக் கேட்டதும் அவர் மனம் விட்டுச் சிரித்து, "இப்ப படையெல்லாம் அங்கிட்டுத்தான் போகுதுங்க" என்றார். அவர் சொன்னது செண்டை மேளத்தை. கோயம்புத்தூர், திருப்பூர்க் கல்யாணங்களுக்குப் பாலக்காட்டுச் செண்டைக்காரர்கள் வாளையாறு வழியாக வேன் வேனாகப் போகிறார்கள். தமிழ்நாட்டு பேண்டு செட்டு ஊதுகருவிக்காரர்கள் கேரளத்துப் பெருநாள்களுக்கு எதிர்த்திசையில் வருகிறார்கள்.

குழு நின்றதற்குக் கீபோர்டைக் காரணம் காட்டுவதை அவர் ஏற்கவில்லை. கீபோர்டு வருவதற்கு முன்பே குழுவுக்குள் மனக்கசப்பு வந்துவிட்டது என்றார். மேடைக்கு முன்னால் நின்று பேர் வாங்கியவர்கள் ஊதுகருவிக்காரர்கள்; ஆனால் கூலியைப் பிரித்தபோது கிதார்காரருக்கும் பாடகருக்கும் கிடைத்ததில் பாதிதான் அவர்களுக்குக் கிடைத்தது. மாஸ்டர் அதை எதிர்த்துப் பேசவில்லை என்ற ஆதங்கம் அவருக்கு இன்னும் இருக்கிறது. "மாஸ்டர் தங்கமான மனுசன். எழுதத் தெரிஞ்ச அளவுக்குக் கேக்கத் தெரியலீங்க அவருக்கு" என்றார். நேற்று மாஸ்டர் சொன்னதும் உண்மை, இன்று இவர் சொன்னதும் உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்வரிசையில் நிறுத்துவது வேறு, சமமாக மதிப்பது வேறு என்பதை ஓர் இசைக்குழு கூலி பிரிக்கும் இடத்தில்தான் காட்டும்.

அவருடைய டிராம்போன் கடையின் பரணில், சாக்குப் பையில் இருக்கிறது. எடுத்துக் காட்டும்படி நான் கேட்கவில்லை.

நான்காம் நாள், ஏப்ரல் 2: திருவில்வாமலை

பாலக்காட்டில் இரவு தங்கி, லக்கிடி வழியாகப் பாரதப்புழையைக் கடந்து திருவில்வாமலைக்கு வந்தேன். தேவாலய பேண்டைத் தேடி வந்தவன் வில்வாத்ரிநாதர் கோயில் ஊருக்கு ஏன் போகிறான் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மாஸ்டர் போகச் சொன்னார் என்பதுதான் முதற்காரணம். "எங்களுக்கு முன்னாடியே ஊதறவன வரிசையில நிறுத்தி எழுதினவங்க அந்தப் பக்கம் இருந்தாங்க" என்று அவர் சொல்லியிருந்தார்.

கேரளக் கோயில் விழாக்களில் இன்று நாம் கேட்கும் பஞ்சவாத்தியம் தொன்றுதொட்டு இப்படியே வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் இப்போதைய வடிவம் 1930களை ஒட்டி உருவானது. அதற்கு வித்திட்டவர் இந்த ஊரின் மத்தளக் கலைஞர் வெங்கிச்சன் சுவாமி. முழுப்பெயர் திருவில்வாமலை வெங்கடேசுவர ஐயர். பெயரே சொல்வது போல அவர் தமிழ் பேசும் குடும்பத்தவர். அவரும் அவருடைய மாணவர் மாதவ வாரியரும், அன்னமநடை அச்சுத மாரார், செங்கமநாடு சேகர குருப்பு ஆகிய திமிலைக் கலைஞர்களோடு சேர்ந்து அந்த வடிவத்தை அமைத்தார்கள். திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம், கொம்பு ஆகிய ஐந்தில் நான்கு தாளக் கருவிகள். மூச்சால் ஒலிப்பது கொம்பு ஒன்றே. சங்கு முழங்கியபின் தொடங்கும் முதற்கட்டமாகிய பதிகாலத்தின் தாளவட்டம் 896 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை, உடையது. அடுத்த கட்டத்தில் அது 448 ஆகவும், பிறகு 224, 112, 56 என்றும் பாதி பாதியாகக் குறுகிக்கொண்டே போகும். வட்டம் குறுகக் குறுக வேகம் ஏறும். கூம்பின் அடியிலிருந்து உச்சிக்கு ஏறுவதைப் போன்ற கட்டுமானம் அது.

இங்கே ஒரு கொம்புக் கலைஞரின் வீட்டில் மதியம் முழுவதும் இருந்தேன். ஊரார் அவரை ஆசான் என்கிறார்கள். அரைவட்டமாக வளைந்த கொம்பை அவர் மூன்று துண்டுகளாகக் கழற்றிக் காட்டி, மீண்டும் பூட்டினார். துளை இல்லை, வால்வு இல்லை. உதடும் மூச்சும் கொடுக்கும் சில சுரங்களே அதன் சொத்து. அந்தச் சிறு சொத்தை வைத்துக்கொண்டு தாளத்தின் ஒவ்வொரு வட்டமும் முடியும் இடத்தை ஊருக்கு அறிவிக்க வேண்டும். பஞ்சவாத்திய அணியில் திமிலைக்காரர்களும் மத்தளக்காரர்களும் எதிரெதிராக நிற்பார்கள். இலத்தாளம் திமிலைக்குப் பின்னாலும் கொம்பு மத்தளத்துக்குப் பின்னாலும் நிற்கும். இடக்கை இரு பக்கத்துக்கும் இடையில் நிற்கும். கொம்பு நிற்பது பின்வரிசைதான் என்றாலும், எங்கே ஊத வேண்டும், எங்கே மௌனமாக இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருப்பதால், அது இல்லாமல் கட்டுமானம் நிற்காது என்றார் ஆசான். கொம்புகள் மட்டுமே முன்னின்று வாசிக்கும் கொம்புப் பற்று என்னும் தனி நிகழ்ச்சியும் உண்டு.

யானையின் பெருமூச்சைப் போல ஒலிக்கும் தூம்பு என்ற ஊதுகருவியைப் பற்றிச் சங்கப் புலவர் பாடியிருக்கிறார். கோடு என்ற ஊதுகொம்பும் அப்பாடலில் வருகிறது. நம் பக்கத்துக் கோயில்களில் எக்காளமும் திருச்சின்னமும் இன்று சில நிமிடச் சடங்கோடு முடிந்துவிடுகின்றன. இந்தப் பக்கத்திலோ அதே இனத்துக் கருவிக்குப் பல மணி நேரக் கச்சேரியில் வகுத்து எழுதிய இடம் இருக்கிறது. ஆசானின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. காலையில் கணினிப் படிப்புக்குப் போகிறான், மாலையில் கொம்பு சாதகம் செய்கிறான். அவன் கன்னம் உப்பாமல், வயிற்றிலிருந்து மூச்செடுத்து ஒரே சுரத்தை நான் நாற்பது எண்ணும் வரை நிறுத்தினான். என் டிரம்பெட் ஆசிரியரும் முதல் மூன்று மாதங்கள் எனக்கு இதையே செய்யக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள், ஏப்ரல் 3: நெம்மாறை

இதை ஏப்ரல் 4 விடியற்காலையில், கொல்லங்கோட்டுக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து இருக்கையில் மாஸ்டர் இருக்கிறார். நெம்மாறை விழாவைப் பார்ப்பதற்கு அவரை வரும்படி நான் அழைத்தபோது, கூட்டத்தில் நிற்க முடியாது என்று முதலில் மறுத்தவர், நேற்று மதியம் பேத்தி கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தோடு நெம்மாறைப் பேருந்து நிலையத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

நெம்மாறை, வல்லங்கி என்ற இரண்டு தேசங்கள், அதாவது ஊர்ப் பிரிவுகள், நெல்லிக்குளங்கரைப் பகவதிக்காக மீன மாதம் 20ஆம் நாள் எடுக்கும் விழா இது. இங்கே இதை வேலை என்றே சொல்கிறார்கள். அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவில் கோயில் இருக்கிறது. இரு தேசமும் தனித்தனியே பந்தல் போட்டு, யானைகளை அணிவகுத்து, வாத்தியத்திலும் வாணவேடிக்கையிலும் ஒன்றை ஒன்று மிஞ்சப் பார்க்கும். வேடிக்கையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் இருவரும் கொம்புகளின் பின்னால் பத்தடித் தொலைவில் போய் நின்றுகொண்டோம்.

பதிகாலம் அத்தனை மெதுவாக நகர்ந்ததால் தொடக்கத்தில் என் மனம் அலைந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தார். மத்தளமும் திமிலையும் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்க, கொம்புக்காரர்கள் கருவியைத் தோளில் சாய்த்தபடி காத்திருந்தார்கள். பிறகு, யாரும் கை காட்டாமலே, எல்லோருடைய மார்பும் ஒரே கணத்தில் விரிந்தது. கொம்புகள் ஒன்றாக உயர்ந்தன. என் கையை மாஸ்டர் இறுகப் பிடித்தார். தாத்தாவின் தோளிலிருந்து நான் கேட்ட அந்த மூச்சை, அதை ஒரு காலத்தில் நோட்டில் எழுதி வைத்தவரின் பக்கத்தில் நின்று மீண்டும் கேட்டேன்.

அதன்பின் பாண்டி மேளம் வந்தது. செண்டையும் இலத்தாளமும் முழங்க, கொம்போடு குழலும் சேர்ந்துகொண்டது. அந்தப் பேரொலியில் ஊதுகருவிகளின் சுரம் காதில் தனியாக விழுவது அரிது. ஆனால் அவை ஓய்ந்த இடங்களில் மேளம் திடீரென்று வறண்டு போவதை உணர முடிந்தது. கீபோர்டின் பொத்தானால் தர முடியாதது இதுதான் என்று நினைக்கிறேன். பொத்தான் ஒலியைத் தரும். ஊதுவதற்கு முன்னால் வரும் மூச்சையும், ஊதி முடித்தபின் வரும் வெறுமையையும் தராது. இரவு வாணவேடிக்கையின்போது மாஸ்டர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, ஒரு கடைத் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

இப்போது அவர் தூங்கவில்லை. என்னுடைய குறிப்பேட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து வாங்கி, ஐந்து கோடு போட்டு, பஞ்சவாத்தியத்தின் மூன்றாம் காலத்தில் கொம்புகள் ஊதிய சொற்றொடரை எழுதிக்கொண்டிருக்கிறார். ஈஸ்டர் இரவில் தேவாலயத்தைச் சுற்றிவரும் ஊர்வலத்துக்குத் தம் மாணவர்களுக்கு அதை அமைத்துக் கொடுக்கப்போகிறாராம். நான்கு சுரங்களில் மூன்று எளிதாக அமைந்துவிட்டன. நான்காவது, கொம்பு தன் இயல்பில் கொடுத்த சுரம், கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ நின்றது. டிரம்பெட்டின் வால்வுக்கு அது அகப்படாது. குழாயை நீட்டிக் குறுக்கும் டிராம்போனுக்கு மட்டுமே அகப்படும். பேருந்து முதலமடை மாந்தோப்புகளைக் காட்டும் மலையடிவாரத்தை நோக்கித் திரும்பியபோது, மாஸ்டர் அந்தச் சுரத்தின் தலைமேல் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டார். பிறகு என் பையைத் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த ஒரு சுரத்தை மட்டும் மீண்டும் எழுதினார். சித்தூர் மண்டி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று என்னிடம் கேட்டார். ஏழு மணிக்கே ஆள் இருக்கும் என்றேன். கொல்லங்கோட்டில் இறங்கிச் சித்தூர்ப் பேருந்து பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.